மூக்கன் சொன்னால் சரி

ஆகஸ்ட் 6

அன்புள்ள அக்காவுக்கு,

உன் மூக்கன் எழுதுவது. நான் நலம். நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்? அத்தானின் இடுப்பு வலி தேவலையா? லாரியை விட்டு இறங்கும்போது அவர் போடும் சத்தம் இங்கே வரைக்கும் கேட்பதாகச் சொல். அடிக்க வந்தால் நான் எழுதியதாகச் சொல்லாதே.

போன வாரம் ஒரு பரீட்சை. நாலா பக்கத்திலிருந்தும் எங்கள் நிலவறைக்கு வந்த வெள்ளை ஒயின்களைப் பெயர் ஒட்டாமல் கோப்பைகளில் ஊற்றி வைத்து, எது எந்தத் திராட்சை, எந்த மண் என்று சொல்லச் சொன்னார் மேலாளர். கடல்காற்று அடிக்கிற பக்கத்து சோவிஞோன் அப்போதுதான் வெட்டிய புல். சுண்ணாம்பு மேட்டுச் சார்டொனே ஆப்பிள் தோலும் கொஞ்சம் வெண்ணெயும். உங்கள் வெயில் சமவெளியின் ஷெனின் தேன் தடவிய பேரிக்காய். மஸ்கட்டுக்கு மூக்கே வேண்டாம், ரோஜாக் கூடையைத் தலையில் கவிழ்த்தது மாதிரி வரும். கடைசியாக எங்கள் ஆற்றோரச் சரிவு ரீஸ்லிங். இளசாக இருந்தால் எலுமிச்சை. பாட்டிலில் வயதாகிவிட்டால் லேசாக மண்ணெண்ணெய் வாடை. சிரிக்காதே, அது குறை இல்லை, அதுதான் ரீஸ்லிங்கின் பெருமை.

ஒன்றுகூடத் தப்பவில்லை. அறுவடை முடிந்ததும் தலைமைச் சுவைப்பாளர் நாற்காலி எனக்குத்தான் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார் மேலாளர். சின்ன வயதில் நீ வைத்த பட்டப்பெயர் எனக்குச் சோறு போடுகிறது பார்.

இங்கே தரைக்குக் கீழே சிமெண்டுத் தொட்டிகள். சாறு நொதித்துப் பொங்கி அடங்கியதும் தெளிந்த ஒயினை வேறு தொட்டிக்கு மாற்றிவிட்டு, அடியில் தங்கிய வண்டலைச் சுரண்ட ஆள் இறங்க வேண்டும். வண்டல் இன்னும் உள்ளுக்குள் வேலை செய்துகொண்டிருந்தால் அதிலிருந்து கிளம்பும் வாயு அடியிலேயே கிடக்கும். அதற்கு நிறமும் கிடையாது, வாசமும் கிடையாது. இறங்கினவன் மயங்கி விழுவான், அவ்வளவுதான். முன்பெல்லாம் கம்பியில் மெழுகுவர்த்தியைக் கட்டி உள்ளே இறக்கிப் பார்ப்பார்கள். அணைந்தால் யாரும் இறங்க மாட்டார்கள். இப்போது அந்த வேலையெல்லாம் இல்லை. நான் குனிந்து ஒரு மூச்சு இழுப்பேன். வேலை செய்கிற வண்டலில் புது ரொட்டி வாசம் வரும், அடங்கின வண்டலில் ஈரக் கல் வாசம்தான். "மூக்கா, சரியா?" என்பார் தொட்டிக்கார அண்ணன். "சரிண்ணே" என்றால் மனிதர் விசிலடித்துக்கொண்டு இறங்கிவிடுவார். "மூக்கன் இருக்கறப்ப மெழுகுவத்தி எதுக்கு?" என்று மேலாளரே சொல்லிவிட்டார்.

அத்தானுக்கு என் அன்பு. பதில் போடு.

உன் மூக்கன்


ஆகஸ்ட் 17

அன்புத் தம்பி மூக்கனுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நாங்கள் நலம். நீ நலமாக இருக்க வேண்டும் என்பதுதான் என் கவலை எல்லாம். அத்தான் உன் கடிதத்தைத் தானே வாங்கிப் படித்துவிட்டார். நீ வரும்போது லாரியில் பின்னால் நின்றுகொண்டுதான் வர வேண்டுமாம்.

நாற்காலி விஷயம் கேட்டு எனக்குத் தலை கால் புரியவில்லை. நாற்றுப்பண்ணையில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். இப்போது ஷெனினுக்கும் மஸ்கட்டுக்கும் ஒட்டுக் கட்டிக்கொண்டிருக்கிறோம். நாள் முழுக்கக் கத்தியும் கையுமாக உட்கார்ந்தே முதுகு பலகையாகிவிட்டது. மண்ணெண்ணெய் வாடைதான் பெருமை என்றால் நான் கத்தி துடைக்கிற துணியை அனுப்புகிறேன், உங்கள் மேலாளர் பாட்டிலில் அடைத்து விற்கட்டும்.

ஆனால் அந்தத் தொட்டி சமாசாரம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. வாசமே இல்லாத வாயு என்று நீயே எழுதுகிறாய். அப்புறம் மூக்கை வைத்து என்னத்தைக் கண்டுபிடிக்கிறாய்? உனக்குச் சளி பிடித்தால் என்ன ஆகும்? ஒரு மெழுகுவர்த்தி வாங்கக்கூடவா அந்த நிலவறைக்கு வக்கில்லை? நான் பயந்தாங்கொள்ளிதான், கேலி செய்துகொள். ஆனால் மெழுகுவர்த்தி வாங்கிவிட்டுக் கேலி செய்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


செப்டம்பர் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்கள் இருவரும் நலம் என்று நம்புகிறேன். பதில் தாமதமானதற்குக் கோபிக்காதே. நடுவில் ஒரு காய்ச்சல் ஆளைப் புரட்டிப் போட்டுவிட்டது. இப்போது சுத்தமாகத் தேவலை. எழுந்து நடமாடுகிறேன், வேலைக்குப் போகிறேன்.

அறுவடை தொடங்கிவிட்டது. சோவிஞோன் முதலில் வந்து இறங்கியது. இந்த வருஷம் பழம் சிறிசு, தோல் இறுக்கம், வெளிர்ப் பச்சை. விரலில் நசுக்கினால் சாறு நன்றாகப் பிசுபிசுக்கிறது. சார்டொனே பொன்னிறத்துக்குத் திரும்பிவிட்டது. பிழிகிற எந்திரம் காலையிலிருந்து இரைந்துகொண்டே இருக்கிறது. பக்கத்தில் நிற்பவரோடு பேசக்கூடக் கத்த வேண்டும். கூடைகளைக் கழுவுகிற தண்ணீரில் தரையெல்லாம் வழுக்கல். ரீஸ்லிங் இன்னும் சரிவிலேயே நிற்கிறது, அதற்கு அவசரமே கிடையாது.

வேறு விசேஷம் இல்லை.

இப்படிக்கு,
தம்பி


செப்டம்பர் 18

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். காய்ச்சல் என்று இப்போதுதான் எழுதுகிறாய். யார் பக்கத்தில் இருந்தது, யார் கஞ்சி வைத்துக் கொடுத்தது? ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா?

உன் கடிதத்தை நாலைந்து தடவை படித்துவிட்டேன். ஏதோ ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. அப்புறம்தான் பிடிபட்டது. பழம் சிறிசு என்கிறாய், நிறம் என்கிறாய், எந்திரம் இரைகிறது என்கிறாய், தரை வழுக்குகிறது என்கிறாய். முதல் சாறு வந்தால் அதன் வாசத்தைப் பற்றியே ஒரு பக்கம் அளப்பவன் நீ. போன வருஷம் சோவிஞோன் வந்த அன்று "சட்டையைத் துவைக்க மனசு வரல" என்று எழுதினவன் நீதானே? இந்த முறை வாசம் என்ற பேச்சே காணோம்.

கையெழுத்துப் போட்ட இடத்தில் "தம்பி" என்று இருக்கிறது. நீ எனக்குத் தம்பிதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மூக்கன் எங்கே போனான்?

காய்ச்சலோடு சளியும் இருந்ததா? மெழுகுவர்த்தி வாங்கியாயிற்றா? இந்த இரண்டுக்கும் மறைக்காமல் பதில் எழுது.

உன் நலத்தையே நினைத்துக்கொண்டிருக்கும்
அக்கா


செப்டம்பர் 27

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

நீ எப்போதுமே கடுகளவு விஷயத்தை மலையாக்குகிறாய். வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. இரண்டு வரி எழுத நேரம் கிடைத்தால் நிறத்தை எழுதுவேன், நேரமே இல்லாவிட்டால் அதுவும் எழுத மாட்டேன். அதற்குப் போய் ஒரு விசாரணையா? உன் மனசு சமாதானமாகட்டும் என்று சொல்கிறேன்: சளி இல்லை. சோவிஞோன் வாசம் நன்றாக இருக்கிறது, புல் வாசம்.

முதல் தொட்டிகளை மாற்றியாகிவிட்டது. தொட்டிக்கார அண்ணன் இறங்கிச் சுரண்டிவிட்டு நல்லபடியாக மேலே வந்தார். இந்த நேரத்தில் மெழுகுவர்த்தி கேட்டால் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். "மூக்கனுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்பார்கள்.

நேற்று அடுப்பில் பாலை வைத்துவிட்டு நாற்காலியிலேயே அசந்துவிட்டேன் போலிருக்கிறது. அது தீய்ந்து, பாத்திரம் கருகி, பக்கத்து அறைக்காரர் வந்து கதவை உடைக்காத குறையாகத் தட்டினார். அவ்வளவு அலுப்பு. வேறொன்றும் இல்லை.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

தம்பி


அக்டோபர் 5

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். நீ நலமா? அத்தானுக்கு இடுப்பு தேவலை, இப்போது முட்டி என்கிறார்.

உன்னை இனிமேல் விசாரிக்கப் போவதில்லை. கோபப்படாதே. நீ களைத்திருக்கிறாய், எனக்குப் புரிகிறது.

இத்துடன் ஒரு சின்னப் பொட்டலம் வைத்திருக்கிறேன். கொடியிலேயே விட்டு வாடவைத்த மஸ்கட், எங்கள் பண்ணைச் சரக்கு. வேலைக்கு நடுவில் வாயில் போட்டுக்கொள். உனக்குப் பிடித்த வாசம் என்பதால் இந்தக் கடிதத்தையும் அதோடு சேர்த்துச் சுற்றி வைத்தேன். பிரித்ததும் எப்படி இருந்தது என்று மறக்காமல் எழுது. அதற்காகக் காத்திருப்பேன்.

அன்புடன்,
அக்கா


அக்டோபர் 13

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் அத்தானும் சுகம்தானே?

பொட்டலம் வேலை செய்கிற இடத்துக்கே வந்தது. ஆஹா! பிரித்ததும் ரோஜாவும் தேனும் ஆரஞ்சுத் தோலுமாக ஒரே கமகமப்பு. நிலவறை முழுக்க உங்கள் மஸ்கட்தான். கடிதத்தில்கூட அந்த வாசம் அப்படியே ஏறியிருக்கிறது. இப்போதும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அடிக்கடி முகர்ந்து பார்க்கிறேன். போதுமா? இனிமேல் மூக்கன் எங்கே போனான் என்று கேட்க மாட்டாயே?

தொட்டிக்கார அண்ணன் பக்கத்தில்தான் இருந்தார், அவரிடமும் ரோஜா, தேன் என்று அளந்தேன். "குடு பாக்கலாம்" என்று கடிதத்தை வாங்கி முகர்ந்தார். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். திருப்பிக் கொடுத்துவிட்டு இரண்டு பழத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். தன் அக்கா இப்படி அனுப்புவதில்லை என்ற பொறாமையாக இருக்கும்.

ரீஸ்லிங் வந்துவிட்டது. இந்தக் குளிரில் அது மெதுவாகத்தான் பொங்கும். அதன் தொட்டிகளைச் சுத்தம் செய்துவிட்டால் இந்த வருஷத்துக் கதை முடிந்தது. நாற்காலியும் வந்துவிடும்.

உன் மூக்கன்


அக்டோபர் 20

தம்பி,

நலம் விசாரிக்க எனக்கு இப்போது மனமில்லை, மன்னித்துக்கொள்.

அந்தக் கடிதத்தில் மஸ்கட் வாசம் வந்திருக்க வாய்ப்பே இல்லை. அனுப்புவதற்கு முன்னால் அந்தக் காகிதத்தையும் பொட்டலத்தையும் என் கத்தி துடைக்கிற மண்ணெண்ணெய்த் துணிக்குள் வைத்துக் கட்டியிருந்தேன். தபால் நிலையத்தில் வாங்கின அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "உள்ள என்னம்மா வெச்சிருக்க?" என்று சத்தம் போட்டாள். வீட்டுக்கு வந்து கையைச் சோப்புப் போட்டுக் கழுவியும் வாடை போகவில்லை.

"என்னக்கா இது, மண்ணெண்ணெய் நாறுது, பழமெல்லாம் பாழ்" என்று நீ திட்டி எழுதுவாய், நான் சிரித்துக்கொண்டே நன்றி சொல்வேன் என்று காத்திருந்தேன். ரோஜா, தேன், ஆரஞ்சுத் தோல் என்று எழுதியிருக்கிறாய். அத்தான் என்ன என்று கேட்டார். கடிதத்தை அவரிடம் நீட்டினேன்.

காய்ச்சலோடு உன் மூக்கு போய்விட்டது. பால் தீய்ந்தபோது நீ அசந்து தூங்கவில்லை, விழித்துக்கொண்டுதான் இருந்திருப்பாய். அது போகட்டும். எத்தனையோ பேருக்கு இப்படிப் போயிருக்கிறது, சிலருக்குத் திரும்பியும் வந்திருக்கிறது. அதற்காக நான் உன்னை ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒரு மனிதர் உன் முகத்தைப் பார்த்து "சரியா?" என்கிறார். நீ "சரி" என்கிறாய். அவர் விசிலடித்துக்கொண்டு இறங்குகிறார். எதை முகர்ந்து அந்தச் சரியைச் சொல்கிறாய்?

எனக்குக் கண்ணை மூடினால் அந்தத் தொட்டியின் வாய்தான் தெரிகிறது. நாற்காலி வேண்டாம் தம்பி. இன்றைக்கே சொல்லிவிடு. மேலாளரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் அந்த அண்ணனிடமாவது சொல்.

பயத்தோடு,
அக்கா


அக்டோபர் 31

தம்பிக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. தபால்காரர் சைக்கிள் மணிச் சத்தம் கேட்டாலே வாசலுக்கு ஓடுகிறேன். கடிதம் வந்தாலும் பயம், வராவிட்டாலும் பயம்.

நேற்று பண்ணை ஆபீசிலிருந்து உங்கள் நிலவறைக்குப் போன் போட்டேன். மேலாளர்தான் எடுத்தார். "மூக்கனா? கீழ தொட்டிகிட்ட நிக்கறார். நல்லா இருக்கார். என்னம்மா விஷயம்?" என்றார். நல்ல குரல். சொல்லிவிடத்தான் போன் போட்டேன், வார்த்தை நுனி நாக்கு வரைக்கும் வந்தது. அப்போது பார்த்து உன் நாற்காலி என் கண் முன்னால் வந்து நின்றது. "ஒண்ணும் இல்லைங்க, சும்மா" என்று வைத்துவிட்டேன். நீ அங்கே தினமும் செய்வதை நான் இங்கே ஒரு தடவை செய்துவிட்டேன்.

அதனால் உன்னை இனி அதட்ட எனக்கு வாயில்லை. கெஞ்சத்தான் முடியும். அத்தான் ஒத்துக்கொண்ட லோடுகள் முடிந்ததும், இன்னும் பதினைந்து நாளில், நாங்கள் இருவரும் லாரியிலேயே கிளம்பி வருகிறோம். அதற்குள் யாரும் இறங்காமல் பார்த்துக்கொள்.

அக்கா


நவம்பர் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். இங்கே எல்லோரும் உயிரோடு நலம். முதலில் அதைப் படித்துவிட்டு உட்கார், பிறகு மீதியைப் படி. அத்தானைக் கிளம்ப வேண்டாம் என்று சொல், நானே வருகிறேன்.

காய்ச்சல் விட்ட காலையில் சோப்பை எடுத்து முகம் கழுவினேன். ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. சோப்பை மூக்கோடு வைத்து இழுத்தேன். ஒன்றும் இல்லை. வெங்காயத்தை நறுக்கினேன், கண்ணில் தண்ணீர் வந்தது, வாசம் வரவில்லை. அன்றிலிருந்து தினமும் எழுந்ததும் சோப்புதான். இன்றைக்கு வந்துவிடும், நாளைக்கு வந்துவிடும் என்று நாளைத் தள்ளினேன். மூக்கு இல்லாவிட்டால் இங்கே என்னை எதற்கு வைத்திருப்பார்கள்? பயந்துவிட்டேன் அக்கா. தொட்டியின் வாயில் குனியும்போதெல்லாம் என் நெஞ்சு அடித்துக்கொள்கிற சத்தம்தான் எனக்குக் கேட்கும். நிமிர்ந்து "சரி" என்பேன். அவர் மேலே ஏறி வரும் வரைக்கும் ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். எவ்வளவு பொறுப்பான ஆள் என்று நினைத்திருப்பார்கள்.

உன் கடிதம் வந்த பிறகும் சொல்லவில்லை. இன்னும் ரீஸ்லிங் மட்டும்தானே, முடிந்துவிடட்டும் என்று இருந்தேன். வெட்கக்கேடு.

போன திங்கட்கிழமை தொட்டிக்கார அண்ணன் வேலைக்கு வரவில்லை. முந்தின நாள் மாலை வீட்டுப் படியில் வழுக்கி விழுந்து முட்டி வீங்கிவிட்டதாம். அவருக்குப் பதிலாக ஓர் ஆள், அதற்கு முன்னால் தொட்டியையே பார்த்திராதவர். புது ரப்பர் காலணியைப் போட்டுக்கொண்டு ஏணியில் ஒரு காலை வைத்துவிட்டார். நான் குனிந்து முகர்வதுபோல முகர்ந்துவிட்டு நிமிர்ந்தேன். "சரியாங்க?" என்றார். "என் பொண்ணு சீக்கிரமா வரச் சொல்லியிருக்கா."

உன் இரண்டாவது கடிதம் அன்று காலையில்தான் வந்திருந்தது. அது என் சட்டைப் பையில் இருந்தது. அந்த ஆளின் முகத்தைப் பார்த்தேன். வாயிலிருந்து "தெரியல" என்று வந்துவிட்டது.

"என்னங்க?"

"தெரியலங்க. எனக்கு வாசனையே தெரியல. ரெண்டு மாசமா தெரியல. காலை எடுங்க, மேல வாங்க."

எல்லோரும் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு நின்றார்கள். மெழுகுவர்த்தி கொண்டு வாருங்கள் என்று கத்தினேன். ஒருவரிடமும் இல்லை. தரை கழுவுகிற அம்மாள்தான், "தொட்டிக்காரர் பெட்டியில இருக்குமே, அவர்தான் தெனமும் கொளுத்துறாரே" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவருடைய கருவிப் பெட்டியைத் திறந்தேன். சுரண்டியும் தூரிகையும் கிடந்தன. அவற்றுக்கு அடியில் சுருட்டி வைத்த ஒரு கம்பி, எரிந்து குட்டையான மெழுகுவர்த்தித் துண்டுகள், பாதி காலியான ஒரு பாக்கெட்.

ஒன்றை ஏற்றிக் கம்பியில் கட்டி இறக்கினோம். ஏணியின் பாதியைக்கூட அது தாண்டவில்லை. சுடர் சிறுத்தது, அணைந்துவிட்டது. இன்னொன்றை இறக்கினோம், அதுவும் அங்கேயேதான் அணைந்தது. புது ஆள் அந்தத் திரியையே பார்த்துக்கொண்டு பேயறைந்த மாதிரி தரையில் உட்கார்ந்துவிட்டார். நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

மேலாளர் என்னைத் திட்டவில்லை. முகம் மட்டும் வெளுத்துவிட்டது. மாதக் கடைசியில் வேலையை விட்டுக் கிளம்பச் சொல்லிவிட்டார். காற்றாடி வைத்து ஊதாமல், விளக்கு இறக்கிப் பார்க்காமல் இனி யாரும் இறங்கக் கூடாது என்று அன்றைக்கே உத்தரவு. நாற்காலி போனதில் எனக்கு வருத்தம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். இருக்கிறது.

சாயங்காலம் தொட்டிக்கார அண்ணன் வீட்டுக்குப் போனேன். காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். நிலவறைக்குச் சொல்லி அனுப்பக் காலையிலிருந்து ஆள் தேடினாராம், யாரும் அகப்படவில்லையாம். என்னைப் பார்த்ததும், "யாரும் எறங்கலையே?" என்றார். இல்லை என்று தலையாட்டினேன். அப்படியே சுவரில் சாய்ந்துகொண்டார்.

"எப்பலேர்ந்துண்ணே தெரியும்?" என்றேன்.

"உங்க அக்கா கடுதாசி வந்த அன்னிக்கு. மண்ணெண்ணெய் குப்புன்னு தூக்குது, நீ ரோசா, தேனுன்னு அளக்கற. அன்னிக்கே போய் ஒரு பாக்கெட் வாங்கிட்டேன். நீ சாப்பிடப் போற நேரமா பாத்து எறக்கிப் பாத்துக்குவேன்."

"அப்புறம் எதுக்குண்ணே என்கிட்ட தெனமும் சரியான்னு கேட்டீங்க?"

"என்னிக்காவது தெரியலன்னு சொல்லுவேன்னுதான்."

அவர் மகள் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். குடிக்க முடியவில்லை. எனக்கு அந்த செப்டம்பர்த் தொட்டிகள் நினைவுக்கு வந்துவிட்டன அக்கா. சோவிஞோன் தொட்டி, அதற்கடுத்து சார்டொனே. உன் மண்ணெண்ணெய்க் கடிதம் வருவதற்கு முன்னால் அவர் இறங்கின தொட்டிகள். அப்போது பெட்டியில் மெழுகுவர்த்தியே கிடையாது. கேட்காமல் இருந்திருக்கலாம், கேட்டுவிட்டேன்.

"அதுக்கு முன்னாடி எதப் பாத்துண்ணே எறங்குனீங்க?"

அவர் முட்டியைத் தடவிக்கொண்டே சொன்னார்: "உன்னப் பாத்துதான்."

அத்தானுக்கு என் வணக்கம். மாதக் கடைசிச் சனிக்கிழமை வருகிறேன்.

தம்பி